அடக்கம்: கியரோஸ்தமியின் 'காற்று எம்மைச் சுமந்து செல்லும்' படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

எமது கவியரங்குகளில் இயற்கையைப் பாடுகின்றவர்களுக்கென்று ஒரு வாய்பாடு இருக்கிறது. கடலைப் பார்த்து 'நான் ஒரு துளி' என்பார்கள். மலையைப் பார்த்து 'நான் ஒரு தூசி' என்பார்கள். சபை கைதட்டும். தன்னைத் துளி என்றும் தூசி என்றும் சொல்லிக்கொண்டவர் ஒலிவாங்கியை விட்டுக் கீழே இறங்குவதற்கு மேலும் இருபது நிமிடங்கள் செல்லும். இதைக் கேலிக்காக எழுதவில்லை. அந்த ஒலிவாங்கியின் முன்னால் நானும் நின்றிருக்கிறேன். அந்தக் கைதட்டலை வீடு வரை கொண்டுபோயுமிருக்கிறேன்.

பணிவை ஒரு பாடுபொருளாக எடுத்து நன்றாகப் பாடிவிட்டால் பணிவு வந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஒரு படைப்பில் பணிவு எங்கே இருக்கிறது? அது சொல்லும் கருத்திலா? அல்லது சொல்பவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதிலா? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது ஓர் ஈரானியத் திரைப்படம். அப்பாஸ் கியரோஸ்தமி நெறியாள்கை செய்து 1999இல் வெளிவந்த 'காற்று எம்மைச் சுமந்து செல்லும்' என்ற படம் அது. அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசைப் பெற்றது.

தமிழில் 'அடக்கம்' என்ற சொல் விசித்திரமானது. திருக்குறளின் 13ஆவது அதிகாரம் அடக்கமுடைமை. எமது ஊர்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் கேட்கும்போதும் அதே சொல்தான் காதில் விழுகிறது: இன்ன நேரம், இன்ன மையவாடியில் நல்லடக்கம். தன்னைத் தாழ்த்திக்கொள்வதற்கும் மண்ணுக்குள் வைப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அன்றாடம் பயன்படுத்துவதால் இதை நாம் கவனிப்பதில்லை. கியரோஸ்தமிக்குத் தமிழ் தெரியாது. எனினும் இந்த இரண்டு பொருளையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்க்கும் படம் ஒன்றை அவர் எடுத்திருக்கிறார். ஒருவரின் அடக்கத்தைப் படம்பிடிக்க வந்தவன் தான் அடங்கிப்போகும் கதை அது.

2

கதை என்று சொல்வதற்கு அதிகமில்லை. தெஹ்ரானிலிருந்து ஒரு சிறிய குழு, ஈரானின் மேற்கே குர்திஷ் மக்கள் வாழும் சியா தரே என்ற மலைக்கிராமத்திற்கு வருகிறது. அங்கே மிகவும் வயது முதிர்ந்த ஒரு மூதாட்டி மரணப் படுக்கையில் கிடக்கிறார். அவர் இறந்ததும் ஊர்ப் பெண்கள் நடத்தும் துக்கச் சடங்கைப் படம்பிடிப்பதே குழுவின் நோக்கம். ஊராருக்கு இது தெரியாது. யாராவது கேட்டால் புதையல் தேடி வந்திருப்பதாகச் சொல்லும்படி, குழுவின் தலைவன் பெஹ்ஸாத் தனக்கு வழிகாட்ட வந்த ஃபர்ஸாத் என்ற சிறுவனிடம் சொல்லிவைக்கிறான். ஊரார் அவனை 'இன்ஜினியர்' என்று மரியாதையாக அழைக்கிறார்கள். அவனும் அதை மறுப்பதில்லை.

மூதாட்டி இறப்பதாக இல்லை. நாட்கள் கழிகின்றன. பெஹ்ஸாதின் கைத்தொலைபேசிக்குக் கிராமத்திற்குள் அலை கிடைப்பதில்லை. அழைப்பு வரும்போதெல்லாம் படியிறங்கி ஓடி, வாகனத்தை எடுத்துக்கொண்டு, ஊருக்கு மேலேயுள்ள குன்றுக்கு விரைகிறான். அங்கேதான் பேச்சுத் தெளிவாகக் கேட்கும். அந்தக் குன்றுதான் ஊரின் மையவாடி. முதல் அழைப்பு அவனது குடும்பத்திலிருந்து வருகிறது. சொந்தத்தில் ஒரு மரணம். அவனால் போக முடியாது. முன்பின் அறியாத ஒருவரின் மரணத்திற்காக அவன் இங்கே காத்திருக்க வேண்டியிருக்கிறது. பின்னர் வரும் அழைப்புகள் அவனை அனுப்பிய பெண்மணியிடமிருந்து வருபவை. வேலை ஏன் இன்னும் முடியவில்லை என்பதே அவற்றின் சாரம். ஒரு கிழவி இன்னும் சாகவில்லை என்பதற்கு மன்னிப்புக் கேட்பவனைப்போல அவன் கப்றுகளுக்கு நடுவே நின்று பேசுகிறான்.

அதே மையவாடியில் யூஸுஃப் என்ற இளைஞன் தொலைத்தொடர்பு வேலைக்காக ஆழமான குழியொன்று தோண்டிக்கொண்டிருக்கிறான். மண்ணுக்குள் கிடைத்த மனிதத் தொடை எலும்பு ஒன்று மேலே வருகிறது. பெஹ்ஸாத் அதை எடுத்துத் தன் வாகனத்தின் முன் கண்ணாடியருகே வைத்துக்கொள்கிறான். யாரோ ஒருவரின் கால், அவனுக்கு ஒரு வேடிக்கைப் பொருள்.

ஒருநாள் அந்தக் குழி இடிந்து யூஸுஃப் மண்ணுக்குள் அகப்படுகிறான். பெஹ்ஸாத் ஓடிப்போய் ஊராரை அழைக்கிறான். காயப்பட்டவனைக் கொண்டுசெல்வதற்குத் தன் வாகனத்தைக் கொடுக்கிறான். வந்த வைத்தியரை மூதாட்டியிடம் அழைத்துச் செல்கிறான். அவருக்கான மருந்தை வாங்க அந்த வைத்தியரின் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிப் போகிறான். அவள் எப்போது சாவாள் என்று தினமும் விசாரித்தவன் அவளுடைய வலி குறைவதற்காக அலைகிறான். பின்னர் அவள் இறக்கிறாள். குழுவினர் ஏற்கெனவே போய்விட்டார்கள். அதிகாலையில் துக்கத்திற்கு வரும் பெண்களை அவசரமாகச் சில படங்கள் எடுத்துக்கொண்டு அவன் புறப்படுகிறான். வழியில் அந்த எலும்பை ஒரு நீரோடையில் எறிகிறான். கமரா அவனை விட்டுவிட்டு, ஓடையில் மிதந்து செல்லும் எலும்பின் பின்னால் போகிறது.

அவன் திருந்திவிட்டானா? படம் அப்படிச் சொல்லவில்லை. கடைசியிலும் அவன் படமெடுக்கத்தான் செய்கிறான். இதைக் குறையாகச் சொன்ன நண்பர்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை படத்தின் நேர்மை இங்கேதான் இருக்கிறது. மனிதர் ஒரே நாளில் அடங்கிப்போவதில்லை. ஓர் எலும்பைத் திருப்பிக் கொடுக்குமளவுக்கு அடங்குகிறார்கள். அதுவே சிறிய காரியமல்ல.

3

இந்தப் படத்தில் பேசுபவர்களில் பலரை நாம் பார்ப்பதேயில்லை. மூதாட்டியின் முகத்தைக் காணமாட்டோம். அவர் படுத்திருக்கும் வீட்டின் சிறிய ஜன்னல் மட்டுமே தெரியும். குழி தோண்டும் யூஸுஃபின் முகம் தெரியாது. பெஹ்ஸாதுடன் வந்தவர்களின் குரல்கள் அறைக்குள்ளிருந்து கேட்கும், அவர்கள் வெளியே வரமாட்டார்கள். இப்படிப் பத்துக்கும் மேற்பட்டோர் குரலாக மட்டுமே இருக்கிறார்கள்.

ஒரு காட்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பெஹ்ஸாதுக்குப் பால் வேண்டும். நிலத்துக்குக் கீழேயுள்ள இருண்ட மாட்டுத்தொழுவம் ஒன்றுக்குள் இறங்குகிறான். யூஸுஃபுக்கு நிச்சயிக்கப்பட்டவள் என நாம் ஊகிக்கும் ஓர் இளம்பெண், அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் பசுவைக் கறக்கிறாள். அவளது கையும் உடையின் ஒரு பகுதியும் பாற்பாத்திரமும் மட்டும் தெரிகின்றன. அவன் அவளுக்கு ஃபரூக் ஃபரோக்ஸாதின் கவிதையொன்றைச் சொல்கிறான். படத்தின் தலைப்பு வந்தது அந்தக் கவிதையிலிருந்துதான். சொல்லிக்கொண்டே முகத்தைப் பார்க்க வேண்டும், விளக்கை உயர்த்து என்கிறான். அவள் உயர்த்தவில்லை.

முதன்முறை பார்த்தபோது இந்தக் காட்சியின் அழகில் நான் மயங்கிப்போனேன். இருள், பால் விழும் ஓசை, ஒரு கவிதை. இரண்டாம் முறை பார்த்தபோதுதான் உறைத்தது. நகரத்திலிருந்து வந்த ஒரு மனிதன், தப்பிப்போக இடமில்லாத ஓர் இருட்டறையில், ஒரு கிராமத்துப் பெண்ணின் முகத்தைக் கவிதையைக் கொண்டு திறக்கப் பார்க்கிறான். நல்ல கவிதை. அதைச் சொல்பவனின் நோக்கம் அவ்வளவு நல்லதல்ல. கவிதை நல்லதாயிருப்பது அதைச் சொல்பவரைத் தூய்மைப்படுத்திவிடாது என்பதை இலக்கியக்காரர்களாகிய எமக்கு இவ்வளவு அமைதியாகச் சொன்ன இன்னொரு காட்சியை நான் பார்த்ததில்லை. பெஹ்ஸாதின் பார்வை தோற்குமிடத்தில் கியரோஸ்தமியின் கமராவும் சேர்ந்து தோற்கிறது. அவள் விளக்கை உயர்த்தவில்லை என்றால் எமக்கும் அவள் முகம் இல்லை. நெறியாளர் நினைத்திருந்தால் ஒரு விளக்கைக் கூடுதலாக வைத்து அந்த முகத்தை எமக்குக் காட்டியிருக்கலாம். அவர் வைக்கவில்லை.

'முடிவுறாத சினிமா' பற்றி 1995இல் கியரோஸ்தமி எழுதிய சிறு கட்டுரை ஒன்று உண்டு. படத்தின் இடைவெளிகளைப் பார்ப்பவரே நிரப்ப வேண்டும் என்பது அவர் கருத்து. பொதுவாக இது பார்வையாளருக்குக் கொடுக்கப்பட்ட சுதந்திரமாகவே விளக்கப்படுகிறது. அது சரி. ஆனால் அந்தத் தொழுவக் காட்சியில் இடைவெளி வேறொரு வேலையும் செய்கிறது. படம்பிடிக்கப்படுபவரின் உரிமையை அது காக்கிறது. ஊர்த் தேநீர்க்கடைப் பெண் தன்னைப் படமெடுக்க வேண்டாமென்று பெஹ்ஸாதைத் தடுக்கும் காட்சியையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

4

இயற்கைக்கு வருகிறேன். கியரோஸ்தமியின் படங்களைப் பார்த்தவர்கள் அந்த வளைந்து செல்லும் மண்பாதைகளையும், குன்றின் உச்சியில் நிற்கும் தனிமரத்தையும், கோதுமை வயல்களையும் மறக்கமாட்டார்கள். அவர் ஒளிப்படக் கலைஞருமாவார். பனியில் நிற்கும் மரங்களையும் மனிதரில்லாத பாதைகளையும் பல ஆண்டுகள் படமெடுத்தவர். இந்தப் படத்திலும் நிலக்காட்சிகள் பேரழகு. ஆயினும் இயற்கை தன் பாடத்தைப் பெஹ்ஸாதுக்குச் சொல்வது அந்தப் பேரழகின் ஊடாக அல்ல, ஓர் ஆமையின் ஊடாக.

தொலைபேசியில் திட்டு வாங்கிய ஆத்திரத்தில் நிற்கும் பெஹ்ஸாதின் காலடியில் ஓர் ஆமை ஊர்ந்து போகிறது. காலால் அதைப் புரட்டி மல்லாக்கப் போட்டுவிட்டு அவன் வாகனத்தில் ஏறிப் போய்விடுகிறான். கமரா போகவில்லை. ஆமை காலை உதறுகிறது, தலையை ஊன்றுகிறது, மெல்லப் புரண்டு நிமிர்கிறது, தன் வழியே போகிறது. தான் செய்த கொடுமையும் அது ஒன்றுமில்லாமல் போனதும் பெஹ்ஸாதுக்குத் தெரியாது. பின்னொரு காட்சியில் ஒரு சாணிவண்டு தன் உருண்டையை உருட்டிக்கொண்டு போகிறது. அதையும் கமரா அதே பொறுமையுடன் பார்க்கிறது. பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிப் பெண் பிள்ளை பெற்று, மறுநாளே துணி காயப்போட்டுக்கொண்டு நிற்கிறாள். இங்கே இயற்கை மனிதனை அச்சுறுத்தவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. அவனுடைய அவசரத்தில் அது பங்குகொள்ளவில்லை, அவ்வளவுதான். மூதாட்டி தனக்குரிய நேரத்தில் இறப்பாள். ஆமை தனக்குரிய நேரத்தில் நிமிரும். நேரமில்லாதவன் இவன் ஒருவன் மட்டுமே.

வைத்தியரின் மோட்டார் சைக்கிள் பொன்னிறமாக விளைந்த வயல்களுக்கூடாகப் போகும் காட்சி பலராலும் கொண்டாடப்பட்டது. உலகத்தின் அழகை விட்டுக் கண்மூடிப் போவதே மிகக் கொடிய நோய் என்ற கருத்தில் அவர் பேசுகிறார், உமர் கய்யாமையும் துணைக்கு அழைக்கிறார். கவிமணியின் தமிழில் கய்யாமை வாசித்து வளர்ந்த எமக்கு இது பழகிய குரல்தான். எனினும் என் மனதில் நின்றது வேறொன்று. அந்த வைத்தியர் தன்னைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. தன்னால் மற்றவர்களுக்குப் பெரிய பயனில்லாவிட்டாலும் இயற்கையைப் பார்த்துக்கொண்டு திரிகிறேன் என்ற தோரணை அவருடையது. ஆனால் அன்றைய தினம் அந்த ஊரில் மிகவும் தேவைப்பட்ட மனிதர் அவர்தான்.

பிற்காலத்தில் கியரோஸ்தமி இந்த வழியில் இன்னும் தூரம் போனார். 2003இல் அவர் எடுத்த 'ஐந்து' என்ற படத்தில் கதையில்லை, உரையாடலில்லை. ஐந்து நீண்ட காட்சிகள். ஒன்றில் கடலோரத்தில் ஒரு மரத்துண்டு அலைகளால் அலைக்கழிகிறது. கடைசிக் காட்சியில் ஒரு குளத்தில் நிலவின் பிம்பம், தவளைகளின் ஓசை, மழை, விடியல். கலைஞன் கமராவை வைத்துவிட்டு விலகிப் போய்விட்டான் என்று தோன்றும். ஆனால் ஒரே இரவில் எடுத்ததுபோலத் தோன்றும் அந்தக் கடைசிக் காட்சி, பல இரவுகளில் எடுத்தவற்றை மிகுந்த உழைப்புடன் இணைத்து ஆக்கியது. இதை அவரே விளக்கியிருக்கிறார். இதனை அறிந்தபோது முதலில் ஏமாற்றமாக இருந்தது. யோசிக்கையில் அது தேவையான பாடமாகப் பட்டது. கலையில் தன்னை மறைத்துக்கொள்வதற்கும் உழைக்க வேண்டும். எழுதியது அப்படியே வந்துவிட்டது, நான் வெறும் கருவி என்று நம்மில் சிலர் முன்னுரைகளில் எழுதுவதை நான் இப்போது அவ்வளவாக நம்புவதில்லை.

5

ஒரு காட்சியில் பெஹ்ஸாத் முகம் மழிக்கிறான். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கமரா இருக்கிறது. அவன் எம்மை நேராகப் பார்த்து, கன்னத்தைத் திருப்பித் திருப்பி மழிக்கிறான். அவன் பார்க்கும் கண்ணாடி நாம்தான். அவனைத் தனது கண்ணாடியாக வைத்துக்கொண்டு பார்ப்பவர் நெறியாளர். நகரத்திலிருந்து கிராமங்களுக்குக் கமராவுடன் போய் ஏழைகளின் வாழ்வைப் படமெடுத்துப் பெயர் பெற்றவர் யார்? கியரோஸ்தமியேதான். பெஹ்ஸாத் தன் வேலைக்காகச் சிறுவன் ஃபர்ஸாதைப் பயன்படுத்துகிறான், கோபம் வந்தால் ஏசுகிறான், பின்னர் சமாதானம் பேசப் போகிறான். சிறுவன் இலகுவில் முகம் கொடுப்பதில்லை. சிறுவர்களை வைத்தே பல படங்களை எடுத்த ஒருவர் இதை எழுதிப் படமாக்கியிருக்கிறார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கியரோஸ்தமி மேலைநாட்டு விழாக்களுக்காகக் கிராமத்தை அழகுபடுத்திக் காட்டுகிறார், அரசியலைத் தவிர்க்கிறார் என்ற குற்றச்சாட்டு அவரது நாட்டிலேயே பலமாக எழுந்தது. எமது முற்போக்கு விமர்சகர்களும் இதையே கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான பதிலின் ஒரு பகுதி இந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஊர் ஆசிரியர் பெஹ்ஸாதுக்கு அந்தத் துக்கச் சடங்கைப் பற்றிச் சொல்கிறார். பெண்கள் துக்கத்தில் தம் முகத்தைக் கீறிக்கொள்வார்கள். தன் தாயின் முகத்திலும் அந்த வடுக்கள் உள்ளன என்கிறார். அவற்றுள் ஒன்று, தந்தையின் முதலாளி வீட்டு மரணத்திற்காக, தந்தையின் வேலை பறிபோகாமலிருக்கக் கீறிக்கொண்டது. உங்களுக்கு இந்தச் சடங்கு சுவாரசியமாக இருக்கலாம், எனக்கு அப்படியில்லை என்ற தொனியில் அவர் முடிக்கிறார். தூரத்திலிருந்து வருபவனுக்கு மரபின் அழகாகத் தெரிவது உள்ளே இருப்பவளுக்கு வயிற்றுப் பிழைப்பின் வடுவாக இருக்கிறது. இதற்குமேல் ஒரு சமூக விமர்சனத்தை நாம் எதிர்பார்த்தால் அது உரத்த குரல் மீதான எமது ஆசையாகவே இருக்கும்.

எனக்குள்ள குறை வேறு. பெஹ்ஸாதின் தடுமாற்றத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் படம், அந்தப் பால் கறக்கும் பெண்ணுக்கு இன்னும் சில சொற்களைக் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். விளக்கை உயர்த்தாதது அவளது உரிமை. ஆனால் அந்த இருட்டில் அவள் என்ன நினைத்தாள் என்பது கியரோஸ்தமிக்கும் எட்டவில்லை.

படத்திற்குத் தலைப்புத் தந்த ஃபரூக் ஃபரோக்ஸாதை இங்கே நினைக்காமலிருக்க முடியாது. 1962இல் அவர் தப்ரீஸ் அருகே தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்றுக்குக் கமராவுடன் போனார். பன்னிரண்டு நாட்கள் அங்கே இருந்து 'வீடு இருண்டிருக்கிறது' என்ற குறும்படத்தை எடுத்தார். சுமார் இருபது நிமிடங்கள் ஓடும் அந்தப் படம் ஈரானிய சினிமாவின் திருப்புமுனைகளில் ஒன்று. அங்கிருந்து திரும்பும்போது அவர் அந்தக் குடியிருப்பில் வாழ்ந்த ஒரு சிறுவனைத் தன் பிள்ளையாகவும் அழைத்துவந்தார். 1967இல் வீதி விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 32. பெஹ்ஸாத் அவரது கவிதையை மனப்பாடமாக வைத்திருக்கிறான். அவர் வாழ்ந்த முறையிலிருந்து எதையும் எடுத்துக்கொண்டவனாகத் தெரியவில்லை. எங்களில் எத்தனை பேருக்கு இது பொருந்தும் என்று நான் கணக்கெடுக்க விரும்பவில்லை. எனக்குப் பொருந்துகிறது. அதைச் சொல்லத்தான் அடுத்த பகுதி.

6

2004 டிசம்பர் 26இல் கடல் எமது கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. நாடு முழுவதும் 30 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்பாறை மாவட்டமே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது. ஜனவரியில் நான் குறிப்புப் புத்தகமும் ஒரு சிறிய கமராவுமாகக் கிழக்கின் ஓர் ஊருக்குப் போனேன். சஞ்சிகையொன்றின் சிறப்பிதழுக்காகக் கவிதை கேட்டிருந்தார்கள். ஊரின் பெயர் இங்கே வேண்டாம்.

இடிந்த வீடொன்றின் பின்னால் ஒரு பெரியவர் கிணறு இறைத்துக்கொண்டிருந்தார். மகளையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் இழந்தவர் என்று கூட வந்தவர் சொன்னார். நான் துக்கத்தை எதிர்பார்த்து நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "எங்கயிருந்து தம்பி வாறீங்க? தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார். பிறகு, "கிணத்துத் தண்ணி உப்பாக் கெடக்கு. இறைச்சு இறைச்சு ஊத்தணும். ரெண்டு மூணு மழை பேஞ்சா சரியாப் போகும்" என்றார். திரும்பவும் வாளியை இறக்கினார். நான் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

வீடு திரும்பி எழுதிய கவிதையில் அந்தப் பெரியவர் அழுதார். கிணற்றின் உப்பு அவருடைய கண்ணீராயிற்று. கடல் ஒரு கொலைகாரனாயிற்று. கவிதை வெளிவந்தது, பாராட்டப்பட்டது, இரண்டு கவியரங்குகளில் வாசித்தேன். அந்த மனிதர் அழவில்லை என்பதும், அவர் எனக்குச் சொன்னது உப்பைப் பற்றி மட்டுமல்ல மழையைப் பற்றியும்தான் என்பதும் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகு, இந்தப் படத்தின் டிவிடியைப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான் விளங்கியது. பெஹ்ஸாத் வாகனத்தின் முன்னால் அந்த எலும்பை வைத்துக்கொண்டு ஓட்டிப்போனபோது, அது எனக்கு என் கவிதைப் புத்தகத்தின் அட்டையைப்போலத் தெரிந்தது.

கியரோஸ்தமியும் ஓர் அனர்த்தத்தின் பின்னால் போனவர்தான். 1990 ஜூன் 21இல் வட ஈரானை உலுக்கிய பூமியதிர்ச்சியில் 35 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணிக்கப்படுகிறது. அவரது 'நண்பனின் வீடு எங்கே' (1987) படத்தில் நடித்த சிறுவர்களின் கோகர் கிராமமும் அப்பகுதியிலேயே இருந்தது. சில நாட்களுக்குள் மகனுடன் அவர்களைத் தேடிப் போனார். அந்தப் பயணத்திலிருந்து பிறந்தது 1992இல் வெளிவந்த 'வாழ்க்கை, வேறொன்றுமில்லை'. அதில் இழப்பை ஒலிபெருக்கி வைத்து யாரும் சொல்வதில்லை. கூடாரங்களுக்கு நடுவே ஒருவர் உலகக் கிண்ணக் காற்பந்தாட்டம் பார்ப்பதற்காக அன்ரெனா கட்டுகிறார். அதிர்ச்சிக்கு மறுநாளே மணமுடித்துக்கொண்ட ஓர் இளந்தம்பதி இருக்கிறார்கள். கடைசிக் காட்சியில் கமரா வெகுதூரத்தில் நிற்கிறது. செங்குத்தான மேட்டில் ஏற முடியாமல் ஒரு கார் பின்வாங்குகிறது. காஸ் சிலிண்டரைச் சுமந்து வரும் ஒருவர் அதைத் தள்ளிவிடுகிறார். கார் ஏறிப்போய், பின்னால் வந்த அவரை ஏற்றிக்கொள்கிறது. தேடிவந்த சிறுவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்பதைப் படம் சொல்லவேயில்லை. நான் போனது கண்ணீரைத் தேடி. அவர் கண்டு திரும்பியது அன்ரெனாவை. என் பெரியவரின் வாளியும் அந்த அன்ரெனாவும் ஒன்றுதான் என்பதை நான் காணவில்லை.

இது என்னுடைய தனிப்பட்ட குற்றவுணர்வு மட்டுமென்றால் இங்கே எழுதியிருக்கமாட்டேன். கடற்கோளுக்குப் பின் எழுந்த எமது கவிதைகளை எடுத்துப் பாருங்கள். கடலை ஏசியவை ஏராளம். கடலின் முன் மனிதன் எம்மாத்திரம் என்று பாடியவையும் ஏராளம். என்னுடையதும் அவற்றுள் ஒன்று. உப்புப் பிடித்த கிணற்றை எப்படி இறைத்தார்கள், படகு போனவர் எந்தக் கிழமை திரும்பவும் கடலுக்கு இறங்கினார், பாடசாலை வரவுப் புத்தகத்தில் ஆசிரியர் எந்தப் பெயர்களைத் தாண்டிக் கூப்பிட்டார் என்று எழுதியவை எத்தனை? பெரிய இயற்கையைப் பாடுவது எமக்கு வசதியாக இருந்தது. அதன் அருகில் நாமும் பெரியவர்களாகத் தெரிந்தோம். சிறிய காரியங்களை உள்ளபடி எழுதுவதற்குத்தான் குனிய வேண்டியிருந்தது.

7

கியரோஸ்தமி 2016 ஜூலை 4இல் பாரிஸில் காலமானார். அவரது மறைவுக்குப் பின் 2017இல் வெளிவந்த '24 சட்டகங்கள்' படத்திலும் பனியும் பறவைகளும் கடலும்தான். ஓர் ஒளிப்படம் எடுக்கப்பட்ட கணத்திற்கு முன்னும் பின்னும் என்ன நடந்திருக்கும் என்று அவர் அதில் கற்பனை செய்து பார்க்கிறார். படமெடுத்தவன் போன பிறகும் ஆமை ஊர்ந்துகொண்டுதான் இருக்கும் என்பதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

அந்தக் கவிதையைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். நீக்கவில்லை, திருத்தவுமில்லை. நீக்கினால் அதுவும் என்னை அழகாகக் காட்டிக்கொள்ளும் இன்னொரு வேலையாகிவிடும். இந்தக் கட்டுரையிலும் அந்த ஆபத்து இருக்கிறது என்பதை அறிவேன். கண்ணாடி முன் நின்று முகம் மழிப்பவன் தன் கன்னத்தைத்தான் முதலில் பார்ப்பான்.

2005இல் கரையோரத்தில் மீளக் கட்டுவதற்குத் தடை வலயம் அறிவிக்கப்பட்டபோது கிழக்கில் அது 200 மீற்றராக இருந்தது. அந்தப் பெரியவரின் கிணறு கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கவில்லை. அந்த வலயம் பின்னர் தளர்த்தப்பட்டது, ஆனால் அதற்கிடையில் அவர் எங்கே போனார், எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார் என்று நான் விசாரிக்கவில்லை. என் கவிதையில் கடல் இருந்தது, உப்பு இருந்தது, நான் இருந்தேன். மழை பெய்ததா, தண்ணீர் மாறியதா என்று கேட்பதற்கு அதில் ஓர் இடமும் இருக்கவில்லை. அடுத்த விடுமுறைக்குக் கிழக்குப் பக்கம் போக எண்ணியிருக்கிறேன். கமராவைக் கொண்டுபோகப் போவதில்லை. யாராவது தேத்தண்ணி குடிச்சீங்களா என்று கேட்டால், இல்லை என்று சொல்லி உட்கார்ந்துகொள்வதாக இருக்கிறேன்.